போட்ட காசு திரும்புமா? விளம்பரம் பற்றி வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சிறுதொழில் நடத்தும் வாசகர்கள் விற்பனை மேம்பாடு பற்றி அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இந்த இதழில்.

கேள்வி: வீட்டை ஒட்டிய சின்ன ஷெட்டில் நிப்பட் (தட்டை) போடுகிறோம். 100 கிராம் பாக்கெட் எம்ஆர்பி 30 ரூபாய். கடைக்காரருக்கு 24 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். எங்கள் அடக்கம் 18 ரூபாய். நான்கு ஃப்ளெக்ஸ், 5,000 நோட்டீஸ், லோக்கல் கேபிளில் ஒரு மாதம் ஸ்க்ரோலிங் என்று 22,000 ரூபாய் செலவழித்தோம். விற்பனை அசையவில்லை. இனி விளம்பரமே வேண்டாம் என்கிறார் மாமனார். அவர் சொல்வது சரிதானா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பாதி சரி. ஒரு பாக்கெட்டில் உங்களுக்கு நிற்பது 6 ரூபாய். 22,000 ரூபாயை மீட்கவே 3,667 பாக்கெட் கூடுதலாக ஓட வேண்டும். அதாவது, நோட்டீஸ் வாங்கிய நான்கு பேரில் மூன்று பேர் உங்கள் பெயரைத் தேடி வந்து ஆளுக்கொரு பாக்கெட் வாங்கியிருக்க வேண்டும். 30 ரூபாய் நொறுக்குத் தீனிக்கு அப்படி யார் அலைவார்கள்? இந்தக் கணக்கைப் பிரஸ்ஸுக்குப் போவதற்கு முன்பே போட்டிருந்தால் நோட்டீஸ் அடித்திருக்க மாட்டீர்கள்.

பொருள், விலை, கிடைக்கும் இடம், மேம்பாடு என்று மார்க்கெட்டிங்கை நான்காகப் பிரிப்பது வழக்கம். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் வகுத்தது. நான்காவதான மேம்பாட்டில் விளம்பரம் ஒரு கிளை மட்டுமே. கடைக்காரரிடம் நேரில் பேசி விற்பது, ஸ்கீம் கொடுப்பது, ருசி காட்டுவது, வாங்கியவரைப் போனில் தொடர்வது எல்லாமே அதில்தான் வருகின்றன. ஆனால் மூன்றாவது சரியாக இல்லாமல் நான்காவதில் எவ்வளவு கொட்டினாலும் வீண். எத்தனை கடையில் உங்கள் சரக்கு தொங்குகிறது என்ற விவரமே கடிதத்தில் இல்லை. நிப்பட் வாங்க வேண்டும் என்று யாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. டீ குடிக்க நிற்பவர் கண்ணில் பட்டால் கை நீட்டுவார். அந்தக் கண்ணில் படுகிற வேலைக்குத்தான் முதலில் காசு போக வேண்டும்.

எல்லா ஊரையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே லைனில் 30 கடைகளை எடுங்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வரை உள்ள டீக்கடை, பெட்டிக்கடைகளே போதும். வாரத்தில் ஒரே கிழமை, ஏறக்குறைய ஒரே நேரம் போங்கள். முதல் நாள் கையில் ஒரு உடைத்த பாக்கெட் இருக்கட்டும். கடைக்காரர் கேட்பது இரண்டே கேள்விதான்: “இது ஓடுமாண்ணா?”, “ஓடலேன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?” இரண்டாவதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் ஆர்டரை முடிவு செய்யும். தேதி முடிய 15 நாள் இருக்கும்போதே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, அதைச் செய்தும் காட்டினால் அடுத்த வாரம் அவரே இடம் ஒதுக்குவார்.

எங்கே தொங்குகிறது என்பதையும் பாருங்கள். பெட்டிக்கடையில் சரம் பெரும்பாலும் முன் தட்டியின் கம்பியில், வெயில் விழும் பக்கம் மாட்டப்படும். எண்ணெயில் பொரித்த பண்டம் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மெல்லிய கண்ணாடிக் கவராக இருந்தால் இன்னும் வேகம். முதல் முறை வாங்கியவர் அந்த வாடையோடு சாப்பிட்டால் எந்த விளம்பரமும் அவரைத் திரும்பக் கூட்டி வராது. லேமினேட் செய்த கவருக்கு மாறுங்கள். பொருள் தெரிய சின்ன ஜன்னல் போதும். மாட்டுவதற்கு உங்கள் செலவிலேயே ஒரு ‘எஸ்’ கொக்கியும் 12 பாக்கெட் சரமும் கொடுத்து, நிழல் பக்கம் நீங்களே மாட்டிவிட்டு வாருங்கள்.

12-க்கு 1 ஃப்ரீ ஸ்கீம் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 13 பாக்கெட்டுக்கு 288 ரூபாய் வரும், அடக்கம் 234, மிச்சம் 54. பாக்கெட்டுக்கு 6 ரூபாயாக இருந்த லாபம் 4 ரூபாய் 15 காசாகிவிடும். முதல் ஆர்டருக்கு மட்டும் கொடுங்கள். மாதாமாதம் கொடுத்தால் கடைக்காரர் ஸ்கீம் வாரத்தில் மூட்டையாக எடுத்து வைத்துக்கொண்டு மற்ற மூன்று வாரமும் கை விரிப்பார். தேங்கிய சரக்கு பிறகு ரிட்டர்னாக உங்கள் தலையிலேயே விழும்.

வாங்குபவரை இழுக்க ஃப்ளெக்ஸை விட ருசி காட்டுவது மலிவு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு 2 கிலோ எடுத்துப் போங்கள். ஒரு நிப்பட் 10 கிராம் என்றால் நான்காக உடைத்து 800 துண்டு; அடக்கம் கவரோடு சேர்த்தே 360 ரூபாய். தட்டில் ஒரு நேரத்துக்கு 15 துண்டுக்கு மேல் வைக்காதீர்கள், காற்றுப் பட்டு நமுத்துவிடும். மற்றது மூடிய டப்பாவில் இருக்கட்டும். துண்டை நீங்கள் கையில் எடுத்துக் கொடுங்கள்; அவர் மென்று முடிக்கும் வரை விலையைப் பேசாதீர்கள். விற்கும் பாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு அட்டையில் இரண்டு கோடு போட்டு, ருசித்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை என்று குறியுங்கள். ருசித்துவிட்டு வாங்காமல் போகிறார்கள் என்றால் பண்டத்திலோ விலையிலோ கோளாறு. நிற்கவே இல்லை என்றால் நீங்கள் நிற்கும் இடம் சரியில்லை. ருசி காட்டிய வாரமே அந்தப் பக்கக் கடைகளில் சரம் தொங்க வேண்டும். “எங்கே கிடைக்கும்?” என்று கேட்பவருக்குக் கைகாட்டக் கடை இல்லாவிட்டால் அந்த 2 கிலோ தானம்தான்.

நான்கு வாரம் கழித்து ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: 30 கடையில் எத்தனை கடை மூன்றாம் முறை ஆர்டர் கொடுத்தது? பாதிக்கு மேல் என்றால் பக்கத்து லைனுக்குப் போகலாம். அதற்குப் பிறகு, சரக்கு தொங்கும் தெருவில் மட்டும் பெயர்ப்பலகை வையுங்கள். உள்ளாட்சி அனுமதி இல்லாத ஃப்ளெக்ஸை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடுவார்கள். கட்டிடச் சொந்தக்காரர் சம்மதம் வாங்கி, கடையின் பெயரோடு சேர்த்து உங்கள் பெயரையும் எழுதிக் கொடுத்தால் கடைக்காரரே அதைப் பாதுகாப்பார்.

கேள்வி: அரூரில் ரெடிமேட் கடை. ஆடிக்கு ‘2 வாங்கினால் 1 இலவசம்’ போடலாமா, 20 சதவீதத் தள்ளுபடி போடலாமா? 500 ரூபாய்க்கு விற்கும் சட்டையின் கொள்முதல் 350.
– வாசகர், அரூர்

பதில்: இரண்டும் வேண்டாம். மூன்று சட்டையின் கொள்முதல் 1,050. இரண்டுக்கு வாங்கும் காசு 1,000. ஒவ்வொரு ‘இலவச’த்துக்கும் கையிலிருந்து 50 ரூபாய் போகும். 20 சதவீதம் குறைத்தால் சட்டைக்கு 150 ரூபாயாக இருந்த லாபம் 50 ஆகிவிடும், பழைய லாபத்தைப் பார்க்கவே மூன்று மடங்கு விற்க வேண்டும். 10 சதவீதத்துக்கு ஒன்றரை மடங்கு விற்றால் போதும். ஆள் சம்பளம், கரண்டு, நோட்டீஸ் செலவு இதில் சேரவில்லை.

ஆடித் தள்ளுபடி வந்ததே பழைய சரக்கைத் தள்ளிவிட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் கடையைக் காலி செய்யத்தான். ஆகவே ஆறு மாதத்துக்கு மேல் மடிப்புக் கலையாமல் கிடக்கும் சரக்கை மட்டும் தனியாகப் பிரித்து, கடையின் கடைசியில் ஒரு மேசையில் போடுங்கள். அதற்கு 30 சதவீதம்கூடக் குறைக்கலாம். அங்கே முடங்கிய பணம் வெளியே வருவதே லாபம். வாசலில் போட்டால் அதை மட்டும் கிளறிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே போட்டால் புதுச் சரக்கைக் கடந்துதான் போக வேண்டும்.

அரூர்ப் பக்கத்து நிலவரத்தையும் யோசியுங்கள். ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் நேரத்தில் விவசாயி கையில் இருக்கும் காசு விதைக்கும் உரத்துக்கும் போய்விடும். ஆடி நோட்டீஸ் மாதச் சம்பளக்காரர்கள் இருக்கும் தெருக்களுக்குப் போகட்டும். கிராமத்து லைனுக்கான பணத்தைக் கரும்பு, மரவள்ளிப் பணம் கைக்கு வரும் காலத்துக்கு எடுத்து வையுங்கள்.

புதுச் சரக்குக்குத் தள்ளுபடிக்குப் பதில் கூப்பன் கொடுங்கள்: 2,000 ரூபாய் பில்லுக்கு 150 ரூபாய்க் கூப்பன், ஆவணி முடிவதற்குள் 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் செல்லும். திரும்பி வராதவருக்கு நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வருபவரிடம் 1,000 ரூபாய்க்கு 300 லாபத்தில் 150 போனாலும் 150 நிற்கும். கூப்பனில் கடைசித் தேதியையும் நிபந்தனையையும் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். கல்லாவில் தகராறு வருவது எப்போதும் பொடி எழுத்தால்தான்.

இன்னொன்று. ‘99 ரூபாய்க்குச் சேலை’ என்று தட்டி வைத்துவிட்டு உள்ளே ஐந்தே சேலை வைத்திருக்கும் தந்திரம் இப்போது சட்டப்படியே சிக்கல். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள், போதிய சரக்கு இல்லாமல் ஆசை காட்டும் விளம்பரத்தைக் குறிப்பாகச் சொல்கின்றன.

பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எப்படியும் துணிப்பை கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அதையே விளம்பரமாக்குங்கள். கைப்பிடி தோளில் மாட்டும் நீளம் இருந்தால் காய்கறிக்கும் எடுத்துப் போவார்கள். ஒரு பக்கம் கடைப் பெயர், ‘அரூர்’, போன் நம்பர், அவ்வளவுதான். சாமி படம் போட்டால் பயபக்தியோடு மடித்துப் பீரோவில் வைத்துவிடுவார்கள். மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரு பையை இரண்டு முறை துவைத்துப் பாருங்கள், சாயம் நிற்கிறதா என்று.

கேள்வி: ஓசூரில் வீட்டிலிருந்து இட்லி மாவு அரைத்து அபார்ட்மெண்டுகளுக்குக் கொடுக்கிறேன். ஃபேஸ்புக்கில் 3,000 ரூபாய்க்கு பூஸ்ட் (காசு கட்டிப் பதிவைப் பரப்புவது) போட்டேன். லைக் குவிந்தது. ஆனால் போன் செய்தவர்களில் பாதிப் பேர் எலக்ட்ரானிக் சிட்டி, அத்திபெலே. ஓசூர் ஆர்டர் விரல் விட்டு எண்ணலாம்.
– வாசகி, ஓசூர்

பதில்: நீங்கள் ஓசூரை மையமாக வைத்து 25 கிலோமீட்டர் வட்டம் போட்டிருப்பீர்கள். மாநில எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அந்த வட்டத்தின் கணிசமான பகுதி கர்நாடகத்துக்குள் விழும். அங்கே ஆள் நெருக்கம் அதிகம், உங்கள் காசும் அங்கேதான் கரையும். ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் லைக், கமெண்ட் போடுகிறவர்களைத் தேடித்தான் பதிவு போகும். மாவு வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

ஃபேஸ்புக்கின் விளம்பர மேலாளர் (Ads Manager) பக்கத்துக்குப் போய், நோக்கத்தில் வாட்ஸ்அப்பில் பேச வைப்பதைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தட்டாமல், நீங்கள் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் குடியிருப்பு மேலேயே ஊசியைக் குத்தி 3 கிலோமீட்டர் வையுங்கள். அந்த ஊரில் வசிப்பவர் மட்டும் என்ற வாய்ப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நெடுஞ்சாலையில் கடந்து போகிறவருக்கு மாவு எதற்கு? படத்திலேயே கிலோ விலை, கொண்டுவந்து தரும் நேரம், எந்தெந்தக் குடியிருப்பு என்ற மூன்றும் இருக்கட்டும். தமிழோடு தெலுங்கு, கன்னடத்திலும் ஒவ்வொரு வரி சேர்ப்பது ஓசூருக்கு அவசியம். விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு 100 ரூபாய் வீதம் ஐந்து நாள் ஓடவிட்டு, மொத்தச் செலவைப் புதிதாக மாவு வாங்கியவர் எண்ணிக்கையால் வகுங்கள். விசாரித்தவர் கணக்கில் வரமாட்டார். வாரம் 2 கிலோ வாங்குகிறவர் கிலோவுக்கு 15 ரூபாய் லாபம் தந்தால் மாதம் ஏறக்குறைய 120 ரூபாய். அப்படிப்பட்டவரைப் பிடிக்க 60 ரூபாய் ஆனாலும் தாங்கும். 200 ஆனால் நிறுத்திவிட்டு, பழைய வாடிக்கையாளர் வழியாகப் போங்கள்.

அந்த வழிதான் உங்கள் தொழிலுக்கு வலுவானது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். முதல் பாக்கெட்டோடு ஒரு சீட்டில் “நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க அக்கா, நாளைய மாவு விவரம் சாயங்காலம் வரும்” என்று எழுதிக் கொடுங்கள். செய்தி சாயங்காலம் 4 மணி வாக்கில், வாரம் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நீங்களே நுழைந்து விளம்பரம் போட்டால் சங்கத்தார் முகம் சுளிப்பார்கள். வாங்குகிற ஒருவர் தன் வாயால் சொன்னால் எடுபடும்.

அதே சீட்டின் பின்பக்கத்தில் இன்னொரு வரி சேருங்கள். ஓசூர்க் குளிரில் மார்கழி, தை மாதங்களில் மாவு பொங்க நேரமெடுக்கும். வாங்கியவர் நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் இட்லி கல்லாக வந்தது என்று உங்களைத்தான் குறை சொல்வார். ‘குளிர் நாளில் இரவு முழுக்க அடுப்படியில் வைத்து, பொங்கிய பிறகு ஃபிரிட்ஜில் வைக்கவும்’ என்ற வரி, 3,000 ரூபாய் பூஸ்ட்டை விட அதிக வாடிக்கையாளரைக் காப்பாற்றும்.

கூகுளில் கடைப் பதிவும் செய்துகொள்ளுங்கள். நல்ல ரிவியூ போட்டால் அரை கிலோ இலவசம் என்று மட்டும் அறிவிக்காதீர்கள். சலுகை கொடுத்து ரிவியூ வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது, பதிவுகளையே நீக்கிவிடலாம்.

கேள்வி: கேழ்வரகு, சாமை சேர்த்துச் சத்துமாவு தயாரிக்கிறோம். ‘சர்க்கரை நோயை விரட்டும்’ என்று கவரில் போட்டால் நன்றாக ஓடும் என்கிறார் டிசைனர். ஒரு யூடியூபரும் அப்படிப் பேசித் தரத் தயாராக இருக்கிறார்.
– மகளிர் குழு, பென்னாகரம்

பதில்: போடவே கூடாது. நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படியும் முதல் முறை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பேசித் தருகிற யூடியூபரும் மாட்டுவார். நீரிழிவைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. காசு வாங்கிப் பேசும் வீடியோ என்றால் அதையும் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்லியாக வேண்டும்.

உண்மையையே விற்கலாம். பொருள்களின் அளவைச் சதவீதத்தோடு போடுங்கள். சர்க்கரை சேர்க்கவில்லை என்றால் அதைப் பெரிதாகப் போடுங்கள். வெறும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் கவரில் எண் போடுவதென்றால் உங்கள் மாவையே லேபில் கொடுத்துச் சோதித்த எண்ணாக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, முகவரி, புகார் எண் எதுவும் விடுபடக் கூடாது. வார இறுதியில் ஒகேனக்கல் போகிறவர்கள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். சாலையோரக் கடையில் சூடாகக் காய்ச்சிய கஞ்சி ஒரு டம்ளர் 10 ரூபாய்க்குக் கொடுத்து, அரை கிலோ பாக்கெட் வாங்கினால் அந்த 10 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்த வசனத்தையும் விட அது விற்கும்.

கேள்வி: ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்வது இன்றும் பயன்தருமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: கடைத் திறப்பு, கண் பரிசோதனை முகாம், இரண்டு நாள் விற்பனை போன்ற தேதி குறித்த விஷயத்துக்குப் பயன்தரும். ‘தரமான சேவை, நியாயமான விலை’ வகைக்குச் சத்தம் மட்டுமே மிஞ்சும். பதிவு 25 விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஓடும் ஆட்டோ கேட்பவரைக் கடக்கும் நேரம் அவ்வளவுதான். இடமும் தேதியும் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வரட்டும். போலீஸ் அனுமதி எழுத்தில் வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பள்ளி, மருத்துவமனை அருகே மைக்கை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோப்பு மாம்பழத்தை 5 கிலோ பெட்டியாகச் சென்னை, பெங்களூருக்கு நேரடியாக அனுப்பப் போகிறோம். எப்போதிருந்து விளம்பரம் செய்வது?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் மரம் சொல்லும் தேதியிலிருந்து. மாம்பழ விளம்பரத்தில் பெயர் கெடுவது பெரும்பாலும் இல்லாத பழத்துக்கு ஆர்டர் எடுப்பதால்தான். செந்தூரா முதலில் வரும், அல்போன்சா, பங்கனப்பள்ளி நடுவில், மல்லிகா பின்னால், நீலம் கடைசி. பெங்களூரா என்ற ரகத்தில் பெரும்பகுதி கூழ் ஆலைக்குப் போகும், அதைப் பெட்டிக்கு முன்னிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் அறுவடை வாரத்தை மதிப்பிட்டு, 10 நாள் முன்னால் மட்டும் முன்பதிவு திறங்கள். மதிப்பிட்ட விளைச்சலில் 60 சதவீதத்துக்கு மேல் பதிவு எடுக்க வேண்டாம். ஒரு கோடைமழைக் காற்று போதும், பாதிக் காய் தரையில் கிடக்கும்.

முன்பதிவுப் பதிவில் போடும் படம் இந்த ஆண்டு உங்கள் தோப்பில் எடுத்ததாக இருக்கட்டும். இணையத்தில் எடுத்த மஞ்சள் பழப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர், பச்சை மாறாத காய் வந்ததும் ஏமாந்ததாகவே நினைப்பார். பழுத்ததை அனுப்பினால் வழியில் கசங்கும். முற்றிய காயாகத்தான் அனுப்ப முடியும். இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள், பெட்டிக்குள்ளும் ஒரு தாள் வையுங்கள்: வந்தவுடன் பெட்டியைத் திறந்து, காகிதத்தின் மேல் காம்பு கீழாக அடுக்கி, காற்றோட்டமாக வைத்தால் நான்கைந்து நாளில் பழுக்கும், பழுக்கும் வரை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை என்பதால் ‘கார்பைடு இல்லை’ என்று மட்டும் சொல்வது பெரிய சிறப்பாகாது. எப்படிப் பழுக்க விடுகிறீர்கள் என்று அரை நிமிட வீடியோவில் காட்டினால் நம்புவார்கள்.

கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் இடம் கிடைத்தால் கிலோ விற்பனையை விட முகவரி சேர்ப்பதில் கவனம் வையுங்கள். பெயர், வாட்ஸ்அப் எண், பின்கோடு, பிடித்த ரகம் என நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும். அடுத்த சீசனில் முதல் அறிவிப்பு அந்த நோட்டுக்குத்தான் போக வேண்டும்.

பஸ் பார்சலில் அனுப்பினால் வாடிக்கையாளர் பார்சல் ஆபீஸுக்கு வந்துதான் எடுக்க வேண்டும். இதை மறைத்து ‘டெலிவரி’ என்று போடாதீர்கள். அழுகல் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்: பெட்டி கிடைத்த 24 மணி நேரத்துக்குள் படம் அனுப்பினால், கெட்ட பழத்தின் எடைக்குப் பணம் திரும்பும். 5 கிலோவில் அரைக் கிலோ வரை கழிவு வரும் என்று வைத்தே விலையைப் போடுங்கள்.